கத்திரி வெயிலுக்கும் மார்கழிக்கும் ஒரே பீரோ

வேலூரில் குறைந்த துணியோடு வாழ்வது சுலபம்தான். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது மெல்லிய காட்டனைத் தவிர வேறெதையும் உடம்பு ஏற்காது. வெளிர் நிறத்தில் ஆறு காட்டன் சட்டையோ குர்தாவோ இருந்தால் வருஷம் முழுக்க அவைதான்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில் வரும். அடைமழையில் ஜீன்ஸ் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். முகர்ந்தால் முடை நாற்றம். அந்த இரண்டு மாதமும் ஜீன்ஸைப் பீரோவில் வைத்துவிட்டு, ஃபேன் காற்றிலேயே ராத்திரிக்குள் காய்கிற மெல்லிய பேன்ட் இரண்டை வெளியே எடுங்கள். அடர் நிறமாக இருந்தால் சேறு தெறித்தது தெரியாது.

மார்கழி விடியலுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதே காட்டன் சட்டைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டால், கோட்டை அகழி ஓரம் நடக்க அதுவே போதும். வெயில் ஏறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஏலகிரி போவதானால் மட்டும் ஒரு ஸ்வெட்டர். அப்புறம், அதைத் துவைத்து நன்றாகக் காய வைத்த பிறகே மடித்து வையுங்கள். வியர்வை பட்ட கம்பளியைத்தான் பூச்சி முதலில் அரிக்கும்.