அமெரிக்கப் படையில் பணியாற்றிய தமிழர்களின் நாள்பட்ட சைனஸ்: வி.ஏ. இழப்பீட்டு முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

அமெரிக்கப் படையில் சேரக் குடியுரிமை தேவையில்லை; கிரீன் கார்டு போதும். 2009 முதல் 2016 வரை ஆள் எடுத்த மாவ்னி திட்டம் கிரீன் கார்டு இல்லாதவர்களைக்கூடச் சில மொழிகளுக்காகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்து பணி முடித்துத் திரும்பிய நம்மவர்களுக்காகவும், அவர்களை மணந்து அண்மையில் இங்கு வந்து, வீட்டுக்கு வரும் அரசுக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. பெரும்பாலும் இரண்டாம் வகையினர்தான் இந்தக் காகித வேலையைக் கடைசிவரை செய்து முடிக்கிறார்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முன்னாள் படைவீரர் நலத்துறையை இங்கே எல்லோரும் வி.ஏ. என்றே சொல்வார்கள். பணியின்போது ஏற்பட்ட அல்லது பணியால் மோசமான நோய்க்கு அத்துறை மாதந்தோறும் வழங்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. அதைப் பெறக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. டிடி-214 என்னும் பணிவிடுப்புச் சான்றில் விடுப்பின் தன்மை (மதிப்புடன் விடுவிக்கப்பட்டாரா இல்லையா என்பது) என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது, எங்கே பணியாற்றினார் என்ற பதிவு என்ன சொல்கிறது ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். இராக், குவைத், சவூதி அரேபியா, கத்தார் முதலிய பகுதிகளில் 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகோ, ஆப்கானிஸ்தான், ஜோர்டான், ஜிபூட்டி, உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளில் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகோ பணியாற்றியிருந்தால், நாள்பட்ட சைனஸ் அழற்சியும் மூக்கழற்சியும் பணியால் வந்தவை என்றே சட்டம் கொள்கிறது. குப்பையையும் பிளாஸ்டிக்கையும் எரிபொருள் ஊற்றித் திறந்தவெளியில் எரித்த குழிகளின் புகையே இதற்கு முக்கியக் காரணம். 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பேக்ட் சட்டம் இந்த அனுமானத்தை உறுதிசெய்தது. அதற்கு முன் மறுக்கப்பட்ட கோரிக்கை வீட்டில் கிடந்தால், புதிய சட்டத்தைக் காட்டி மீண்டும் கேட்கலாம். ஜெர்மனியிலோ டெக்சாஸிலோ மட்டும் பணியாற்றியவருக்கு இந்தச் சலுகை இல்லை; நோய் பணியால் வந்திருக்க ‘குறைந்தது சரிபாதி வாய்ப்பாவது உண்டு’ என்று மருத்துவர் காரணம் காட்டி எழுதித் தர வேண்டும்.

நோய் எவ்வளவு கடுமையானது என்பதற்கு வி.ஏ. விழுக்காட்டில் ஒரு ரேட்டிங் தருகிறது; மாதத் தொகை அதைப் பொறுத்தது. பணித்தொடர்பை ஏற்றுக்கொண்ட பிறகும் பலருக்குச் சுழியமோ பத்து விழுக்காடோதான் கிடைக்கிறது. உண்மையான போராட்டம் இங்கேதான் தொடங்குகிறது. சைனஸ் நோய்க்கான விதி வலியின் கடுமையை அளப்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை முறை நோய் கிளம்பியது என்று எண்ணுவதிலேயே குறியாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்தால் சுழியம். தலைவலி, வலி, சீழ்ச்சளி அல்லது மூக்கில் பொருக்கு ஆகியவற்றோடு ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு முறை வந்தால் 10 விழுக்காடு; ஆறுக்கு மேல், அதாவது ஏழு முறையாவது வந்தால் 30. படுக்கை ஓய்வும் மருத்துவர் சிகிச்சையும் தேவைப்பட்டு, நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட தாக்குதல் என்றால் ஆண்டுக்கு மூன்றே 30 விழுக்காட்டுக்குப் போதும். ஆனால் இன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான் மாத்திரை எழுதுகிறார்கள் என்பதால், இந்த இரண்டாம் வழி ஏட்டில் இருக்கிறதே தவிர எளிதில் கைகூடுவதில்லை. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் ஏறக்குறைய ஓயாமல் நோய் இருப்பவர்களுக்கு 50 விழுக்காடு.

நம் வீட்டுப் பழக்கம் இந்த இடத்தில் நமக்கே எதிராக நிற்கிறது. மூக்கடைத்தால் நொச்சியோ விக்ஸோ போட்டு ஆவி பிடிக்கிறோம். ஊரிலிருந்து வந்த பெட்டியில் இருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். உடம்புக்கு அது போதுமானதாக இருக்கலாம், ஆனால் வி.ஏ.வின் கோப்பில் அந்த வாரம் நடக்கவே இல்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் மருத்துவரை நேரில் பார்க்க முடியாவிட்டாலும், வி.ஏ.வின் இணையதளம் வழியாக மருத்துவக் குழுவுக்குச் செய்தியாவது அனுப்புங்கள், அதுவும் பதிவாகிறது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘மார்ச் 4 முதல் 9 வரை. இடது கண்ணுக்குக் கீழே வலி, குனிந்தால் அதிகம். பச்சை கலந்த மஞ்சள் சளி. 5, 6 வேலைக்குப் போகவில்லை. 6ஆம் தேதி மருத்துவர் பத்து நாளுக்கு மாத்திரை’ என்ற அளவில் எழுதினால் போதும். நிறத்தை எழுதக் கூசவேண்டாம், சீழ்ச்சளி என்பதற்கு அதுவே சான்று. தம் அறிகுறிகளைப் பற்றி வீரர் தாமே சாட்சி சொல்லலாம். உடன் வாழும் மனைவியோ கணவரோ, முகாமில் உடன் தங்கியவரோ 21-10210 என்ற படிவத்தில் கண்டதை எழுதிக் கொடுக்கலாம்.

முடிவுக் கடிதம் வந்ததும் தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஓராண்டுக்குள் அடுத்த அடி எடுத்துவைத்தால், பின்னால் வெற்றி பெறும்போது முதலில் கோரிய நாளை அடிப்படையாக வைத்து நிலுவையைக் கேட்கலாம். ஓராண்டு தாண்டினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கடிதத்தில் வீரருக்குச் சாதகமாக ஏற்றுக்கொண்டவை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பின்னால் வரும் அதிகாரி, தெளிவான தவறு என்று நிறுவினாலொழிய, மாற்ற முடியாது. எனவே எதை மறுத்தார்கள் என்பதை மட்டும் குறிவைத்துப் பேசினால் போதும்.

2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் உள்ளன. புதிய, தொடர்புடைய சான்று கையில் இருந்தால் 20-0995 படிவத்தில் துணைக் கோரிக்கை. சான்றெல்லாம் கோப்பிலேயே இருந்தும் அதிகாரி கவனிக்கவில்லை என்றால் 20-0996 படிவத்தில் உயர்நிலை மறுஆய்வு. இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, ஆனால் மூத்த ஆய்வாளரிடம் ஒருமுறை தொலைபேசியில் தவறைச் சுட்டிக்காட்டலாம். மூன்றாவது, 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது. நேரடி விசாரணை கேட்டால் காத்திருப்பு மிக நீளும். சைனஸ் விஷயத்தில் குறை பெரும்பாலும் சான்றில்தான் இருக்கும் என்பதால், நோட்டும் மருத்துவர் குறிப்பும் சேர்ந்த துணைக் கோரிக்கையே முதலில் முயலத்தக்கது என்பது என் கருத்து.

இடையில் வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அதற்குத் தவறாமல் போக வேண்டும். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டதும் ‘பரவாயில்லை’ என்று மரியாதைக்குச் சொல்வது நம் வழக்கம். அங்கே அந்த மரியாதை வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை, எத்தனை நாள் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மூக்கழற்சிக்குத் தனி அளவுகோல் உண்டு: இரு பக்கமும் பாதிக்கு மேலோ ஒரு பக்கம் முழுவதுமோ அடைத்திருந்தால் 10, மூக்கில் பாலிப் சதை வளர்ச்சி இருந்தால் 30. ஒரே அறிகுறியை இரண்டு இடத்தில் எண்ணமாட்டார்கள்.

உதவிக்கு டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ ஆகிய முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கட்டணமின்றி இருக்கிறார்கள். முதல் கோரிக்கையை எழுதித் தர யாரும் பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. மேல்முறையீட்டில் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் பொதுவாக நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு பெறுவார். இனி வரப்போகும் மாதத் தொகையிலும் பங்கு கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கு ரேட்டிங் இருந்தால் அவற்றை வெறுமனே கூட்டமாட்டார்கள்: 30ம் 10ம் இருந்தால், 30 போக மீதமுள்ள 70இல் பத்து விழுக்காடான 7 மட்டும் சேர்ந்து 37 ஆகி, 40 என்று முழுமையாக்கப்படும். மொத்தம் 30 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், வீரரைச் சார்ந்துள்ள பெற்றோர் ஆகியோருக்காகக் கூடுதல் தொகை உண்டு. இது தானாக வராது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 21-686சி படிவத்தை முடிவுக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. ஊரில் பதிவான திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால், மொழிபெயர்த்தவர் உறுதியளித்துக் கையெழுத்திட்ட ஆங்கிலப் படியையும் அத்துடன் இணைத்து அனுப்புங்கள்.