டி.பி. 780 தகட்டில் நாகாஜிமா சோதனை: முதன்முறை செய்பவர்களுக்கு

டி.பி. 780 என்பது கார் பாகங்களுக்கான 'டூயல் ஃபேஸ்' (இரு கட்ட) எஃகு. இழுவிசைச் சோதனை தகட்டை ஒரே திசையில் இழுக்கிறது. கார் பாகத்தை அச்சில் அழுத்தும்போதோ, தகடு ஓரிடத்தில் ஒரு பக்கமாகவும் இன்னோரிடத்தில் இரு பக்கமாகவும் நீள்கிறது. எந்த வகை நீட்சியை எதுவரை தாங்கும் என்பதை அறியத்தான் நாகாஜிமா சோதனை; அதன் முடிவை ஓர் எல்லைக்கோடாக வரைகிறோம். தகட்டைக் கிழியும்வரை மேலே தள்ள 100 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளப் பஞ்ச் (அழுத்துமுனை) தேவை, நெறிமுறை ஐ.எஸ்.ஓ. 12004-2.

முதலில் மாதிரிகளை வெட்டுங்கள். நடு அகலம்தான் திரிபின் (நீட்சி அளவின்) போக்கைத் தீர்மானிக்கிறது. இடை குறுகிய மாதிரி ஏறக்குறைய ஒரு திசையில் நீளும். முழு வட்டம் இரு திசையிலும் சமமாக விரியும். இடைப்பட்ட அகலத்தில் நீளம் கூடும், அகலம் அநேகமாக மாறாது. குறைந்தது ஐந்து வடிவங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று செல்லுபடியான சோதனைகள். உருட்டுத் திசையை மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

இங்கே அவசரம் வேண்டாம். டி.பி. எஃகில் மென்மையான ஃபெரைட்டுக்கு நடுவே கடினமான மார்ட்டன்சைட் திட்டுகள் இருக்கின்றன. கத்தரித்த விளிம்பில் நுண்விரிசல்கள் விழுந்து, தகடு நடுவில் கிழியாமல் ஓரத்தில் கிழியும். மில்லிங் செய்து, எமரித்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். பிறகு நகத்தால் விளிம்பை வருடிப் பாருங்கள். எங்காவது தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அடுத்து அசிட்டோனால் துடைத்து, பளபளப்பற்ற வெள்ளை பெயிண்ட் மெல்லியதாக அடித்து, மேலே கறுப்புப் புள்ளிகளைத் தெளியுங்கள். கேமரா இவற்றின் நகர்வைப் படமெடுக்க, மென்பொருள் அதிலிருந்து திரிபைக் கணக்கிடும். நாள்கணக்கில் காயவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். அன்றே சோதித்துவிடுவது நல்லது.

பஞ்ச் முனைக்கும் தகட்டுக்கும் இடையே கிரீஸ், டெஃப்லான், மீண்டும் கிரீஸ். விரிசல், மேடாக எழும் தகட்டின் உச்சியிலிருந்து 15 மி.மீ.க்குள் விழ வேண்டும். தள்ளி விழுந்தால் உராய்வு அதிகம் என்று பொருள். அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தகட்டை இறுகப் பிடித்து, பஞ்ச் முனையை விநாடிக்கு சுமார் 1.5 மி.மீ. வேகத்தில் ஏற்றுங்கள். இந்த எஃகு அதிகம் எச்சரிக்காமல் படீரென்று பிளக்கும். கேமராவுக்கு முன் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கணக்கிடும்போது, விரிசலுக்குச் சற்று முந்தைய படத்தை எடுங்கள். மென்பொருள் காட்டும் உச்சத் திரிபை அப்படியே எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அது ஏற்கெனவே மெலிந்துவிட்ட இடத்தின் அளவு. எல்லைக்கோடு பொய்யாக உயர்ந்துவிடும். விரிசலுக்குக் குறுக்கே கோடு வரைந்து, மெலிவுக்கு இருபுறமும் உள்ள புள்ளிகளில் வளைகோடு பொருத்தி, அதன் உச்சியைக் குறியுங்கள்.

எல்லா மாதிரிகளிலும் இப்படிக் கிடைத்த நீளவாக்கு, குறுக்குவாக்குத் திரிபுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துச் சேர்த்தால், ஏறக்குறைய 'வி' வடிவில் எல்லைக்கோடு வரும். அடிமுனை அகலம் மாறாத மாதிரிகளில் விழும். தொழிற்சாலையில் தகடு கிழிவதும் பெரும்பாலும் அந்த நிலையில்தான். உபரித் தகடு இருந்தால் அந்த அகலத்தில் கூடுதலாக வெட்டுங்கள்.