பூவைப் படம் பிடிக்க ஒரு வெள்ளை வேட்டி

சித்திரையில் சரக்கொன்றையைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் சொல்வது தும்பையும் ஒற்றைச் செம்பருத்தியும். பழக இவையே போதும்.

தும்பையைச் சுற்றி இலை இருட்டாக இருப்பதால் போன் தானே வெளிச்சத்தைக் கூட்டி, பூவை வெறும் சுண்ணாம்புப் பொட்டாக்கிவிடும். திரையில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மேலிதழில் பஞ்சு மாதிரி மெல்லிய ரோமம் உண்டு. அது தெரியும்வரை இழுக்க வேண்டும். குனிந்தால் போதாது, முழங்கை மண்ணில் ஊன்றியாக வேண்டும். நெருஞ்சி முள் பார்த்து!

செம்பருத்தியில் தொல்லை வேறு. வெயிலில் எடுத்தால் சிவப்பு அப்பிக்கொண்டு இதழின் நரம்பே தெரியாது. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து பூவுக்கு மேலே இருவர் பிடித்தால் வெயில் தணிந்து இறங்கும். ஃபோகஸ் இதழில் வேண்டாம். நடுத்தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் இருக்கும், அங்கே வையுங்கள். போனை மூக்குக்குள் நுழைக்காமல், ஓரடி தள்ளி இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் பின்னணி நன்றாக மங்கும்.

தண்ணீர் தெளித்துப் பனித்துளி காட்டுவது எனக்குப் பிடிக்காது. அப்புறம், காற்றடித்தால் காம்பைத் துணிக்கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். கிளிப் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.