நெல்மணியான புள்ளி: தமிழ் எழுத்தை எம்பிரொய்டறி மெஷினுக்குத் தயாரித்தல்

மருமகனின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக, ரீசேட்டின் நெஞ்சுப் பக்கத்தில் ‘யாழ்’ என்ற சொல்லை 15 மி.மீ. உயரத்தில் தைக்க முயன்று, மூன்று ரீசேட்டுகளை வீணாக்கிய பின்னரே இவ்வேலை எனக்குக் கைவந்தது. இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளும், வரைந்ததைத் தையலாக மாற்ற அதனுள் இயங்கும் இங்க் ஸ்ரிச் என்ற நீட்சியும் இலவசம். அவற்றை நிறுவிவிட்டீர்கள் எனக் கொள்கிறேன். படத்தைக் கொடுத்தவுடன் தையலைத் தானே உருவாக்கும் வசதியை எழுத்துகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அது வளைவுகளைத் துண்டாடிவிடும்.

முதலில் சொல்லைத் தட்டச்சுச் செய்து, மங்கலாக்கிப் பூட்டிவையுங்கள். அதன் மேல், எழுத்தின் நடுவழியே பேனாக் கருவியால் கோடு வரைந்து, கோட்டின் தடிப்பை 2.5 மி.மீ. ஆக்கி, அதனைச் சற்றின் தையலாக, அதாவது கோட்டின் இரு ஓரங்களுக்கிடையே நெருக்கமாகக் குறுக்கே ஓடும் தையலாக, மாற்றுங்கள். ‘ழ’வை ஒரே கோடாக இழுக்க வேண்டாம். இறுக்கமான வளைவின் உட்பக்கத்தில் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குவதால் நூல் அறும், துணியும் துளைபடும். ஆகவே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியுங்கள்.

40 ஆம் இலக்க நூலுக்குத் தையல் இடைவெளி 0.4 மி.மீ. போதுமானது. மேல் தையலுக்கு முன் ஓடித் துணியை நிலைப்படுத்தும் அடித்தையலைத் தவிர்க்காதீர்கள். ரீசேட் இழுபடும் துணி என்பதால், துணியைத் தாங்கும் தாள்களில், கிழித்தெடுக்கும் தாளை விட, வெட்டியகற்றும் தாளையே அடியில் வைக்க வேண்டும்.

என்னை மூன்று தடவையும் வீழ்த்தியது ‘ழ்’இன் புள்ளிதான். 3 மி.மீ. விட்டத்தில் சரியான வட்டமாக வரைந்திருந்தும், துணியில் அது நெட்டுக்கு நின்ற நெல்மணியாக விழுந்தது. படமே பிழையென எண்ணி மீண்டும் மீண்டும் திருத்தினேன்; கணினியின் மாதிரித் தையலிலோ அது ஒவ்வொரு முறையும் வட்டமாகவே தெரிந்தது, ஏனெனில் நூலின் இழுவையை அம்மாதிரி காட்டுவதில்லை. தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளிழுக்கும். அதற்குக் குறுக்குத் திசையில் தையல்கள் ஒன்றையொன்று தள்ளி வெளியே பரவும். தையல் கிடையாக ஓடியதால் புள்ளி பக்கவாட்டில் ஒடுங்கி, மேலுங் கீழும் நீண்டது. எனவே 3.4 மி.மீ. அகலமும் 2.8 மி.மீ. உயரமுமான நீள்வட்டமாக வரைந்தேன், தைத்ததும் வட்டமாயிற்று. நூலின் இழுவையை ஈடுசெய்யத் தையலைச் சற்று அகலமாக்கும் புல் கொம்பன்சேஷன் என்ற அமைப்பை எழுத்துகளுக்கு மட்டும் கொடுத்து, புள்ளிக்குப் பூச்சியமாக விட்டேன். இரண்டையும் சேர்த்தால் புள்ளி கிடையாகப் படுத்துவிடும். உங்கள் துணிக்கு இவ்வளவுகள் மாறும், ஆகையால் அதே துணியின் வெட்டுத் துண்டொன்றில் தைத்துப் பாருங்கள். புள்ளியின் நடுவில் ஓட்டை விட ஆசைப்படவேண்டாம். இந்த அளவில் அது அடைந்துபோகும்.

பின்னர் சேர்த்தது: கோப்பை டி.எஸ்.ரி. (DST) என்ற எம்பிரொய்டறி மெஷின் கோப்பு வடிவில் சேமித்தவர்கள், மெஷின் திரையில் நிறங்கள் மாறித் தெரிவதாகக் கூறினர். அவ்வடிவம் நிறத்தைப் பதிவுசெய்வதில்லை. எங்கே நூல் மாற்ற நிறுத்தவேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். ஆதலால் நூல்களின் வரிசையைத் தாளில் எழுதி மெஷினருகே ஒட்டிவையுங்கள்.