வெளிநாட்டு கிளப்பில் ஆடப்போகும் பின்கள வீரருக்கு

வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பில் சேரும் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரர், முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்து அனைவரையும் தன் பக்கம் திருப்பிவிட முடியும். பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாளரான சென்டர் பேக்குக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் நிற்கும் வீரரோடும் பின்னால் நிற்கும் கோல்கீப்பரோடும் இணைந்தே அவருடைய வேலை நடப்பதால், புதிய அணியோடு பொருந்துவதற்கே பல மாதங்கள் ஆகலாம். ஆகவே கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரையும் சம்பளத்தையும் பார்ப்பதற்கு முன், அங்கே உங்கள் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பயிற்சியாளர் மூன்று சென்டர் பேக்குகளை வைத்து ஆடுபவரா இரண்டு பேரை வைத்து ஆடுபவரா என்பதையெல்லாம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தென்கொரியாவின் கிம் மின்-ஜே நடந்த பாதை இதற்கு நல்ல பாடம். 2017-இல் தன் நாட்டின் ஜியோன்புக் அணிக்கு வந்தவர், 2019-இல் சீனாவின் பெய்ஜிங் குவோவானுக்கும் 2021-இல் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்கும் போனார். அங்கே ஒரே ஒரு பருவம் ஆடினாலும் தொடர்ந்து ஆடினார் என்பதால், 2022-இல் இத்தாலியின் நாப்போலி அணியின் பின்கள வீரர் கலிடு கூலிபாலி இங்கிலாந்தின் செல்சீக்குப் போனபோது அவருடைய இடத்துக்கு அந்த அணி கிம்மை அழைத்தது. அந்தப் பருவத்தில் நாப்போலி 33 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது; லீக்கின் சிறந்த பின்கள வீரர் விருதும் கிம்முக்குக் கிடைத்தது. 2023-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அவரை வாங்கியது. ஒவ்வொரு படியிலும் முதல் பதினொருவரில் நின்றதே அவரை அடுத்த படிக்குக் கொண்டுசென்றது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். கட்டாய ராணுவ சேவை உள்ள நாட்டைச் சேர்ந்தவர் என்பதால், 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வென்ற தங்கமும் அந்தச் சேவையிலிருந்து விலக்குத் தந்து அவருக்கு வழிவிட்டது. உங்கள் நாட்டில் அத்தகைய கடமை எதுவும் இருந்தால் அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை நிமிடங்கள் ஆடினீர்கள் என்பது சில நாடுகளில் சட்டப்படியே கணக்கிடப்படுகிறது. 2021 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் ஆட விரும்பும் வெளிநாட்டு வீரர், தேசிய அணிக்காக ஆடிய விகிதத்தை வைத்து நேரடியாகத் தகுதி பெறாவிட்டால், ஆடிய லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள் போன்றவற்றிலிருந்து பொதுவாக 15 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருக்கும். ஸ்பெயினின் லா லீகாவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரர்களுக்கு ஒரு அணியில் குறிப்பிட்ட சில இடங்கள்தான். பெரிய கிளப்பின் பெஞ்சில் ஓர் ஆண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த நாட்டின் கதவும் சாத்திக்கொள்ளக்கூடும். 18 வயது நிரம்பாதவர்கள் வேறு நாட்டு கிளப்புக்கு மாறுவதை, சில விதிவிலக்குகள் தவிர, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிப்பதில்லை.

கிளப்புகளுக்கு அனுப்பும் வீடியோவில் பலரும் தங்களுடைய சறுக்குத் தடுப்புகளை மட்டும் தொகுத்து அனுப்புகிறார்கள். அதைவிட, வலுவான எதிரணிக்கு எதிராக ஆடிய இரண்டு முழு ஆட்டங்களை வெட்டாமல் அனுப்புவது மேல். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது எங்கே நிற்கிறீர்கள், தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறீர்கள், தவறு நடந்த அடுத்த நிமிடத்தில் எப்படி ஆடுகிறீர்கள் ஆகியவற்றைத்தான் பின்கள வீரரைத் தேடுபவர்கள் பார்க்கிறார்கள்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது மொழியைத்தான். பந்தை எதிரணி பின்னோக்கித் தட்டிய அந்த நொடியில் பின்வரிசை நால்வரும் ஒன்றாக முன்னேற வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும், எதிரணி வீரரை விதிப்படி முன்னேறவிடாமல் தடுக்கும் ஆஃப்சைடு கோடு உடைந்து ஸ்ட்ரைக்கர் தனியாக ஓடிவிடுவார். அந்தக் குரலைக் கொடுக்க வேண்டியவர் பெரும்பாலும் சென்டர் பேக். எனவே, இலக்கணம் வருவதற்கு முன்பே ‘ஏறு’, ‘இறங்கு’, ‘விடு’, ‘என்னுடையது’, ‘பின்னால் ஆள்’, ‘நேரம் இருக்கிறது’, ‘இடது’, ‘வலது’ போன்ற களச் சொற்களை அந்நாட்டு மொழியில், சத்தமாக, யோசிக்காமல் வாயில் வரும்வரை பழகிவிடுங்கள். கிளப்புக்குப் போனதும் கோல்கீப்பரோடு உட்கார்ந்து அந்த அணி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று சரிபார்த்துக்கொள்வது அவசியம். வீட்டையும் வங்கிக் கணக்கையும் கிளப்பின் அலுவலர்களே பார்த்துக்கொள்வார்கள். மொழி பழகும் இந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

ஏஜென்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரையலுக்கு, அதாவது கிளப்பின் தேர்வு ஆட்டத்துக்கு, ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாங்கி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், அல்லது வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதை ஃபிஃபா விதி ஏற்பதில்லை. அவற்றைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது கிளப்பின் பொறுப்பு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்த பின், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு உண்டு. சம்பளச் சீட்டுகளையும் கிளப்போடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் அதற்காகவே பத்திரப்படுத்தி வையுங்கள்.

காயத்தையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இந்திய சென்டர் பேக் சந்தேஷ் ஜிங்கன் 2021-இல் குரோவேஷியாவின் ஷிபெனிக் கிளப்பில் சேர்ந்தார். காயத்தால் லீக் ஆட்டம் எதிலும் களமிறங்காமலேயே அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் ஏடிகே மோகன் பகான் கிளப்புக்குத் திரும்பினார். துணிந்து போன அவர்மீது எந்தக் குறையும் இல்லை. காயப்பட்ட காலத்தில் முழுச் சம்பளம் உண்டா, எந்த மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கலாம், அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களே இருக்கும்போது வேறு கிளப்போடு நேரடியாகப் பேசிக் கையெழுத்திட விதி இடம் தருகிறது. அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு முந்தைய பருவத்திலேயே தங்குவதா நகர்வதா என்று பயிற்சியாளரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.