விட்ஜெட் திரையில் தெரிகிறதா? டிகின்டரில் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு பட்டனை அழுத்தினால் லேபிள் மறைய வேண்டும், மறுபடி அழுத்தினால் வர வேண்டும். அதற்கு முதலில் லேபிள் இப்போது தெரிகிறதா என்று நிரலுக்குத் தெரிந்தாக வேண்டும். பைத்தானில் விண்டோவும், அதில் வைக்கும் பட்டன், லேபிள் போன்ற விட்ஜெட்டுகளும் செய்ய உதவும் டிகின்டர் நூலகத்தில் இதைச் செய்து பார்ப்போம். (ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பின்படி எழுதுகிறேன். டிகின்டர் கோடில் எல்லாம் சின்ன எழுத்துதான்.)

படி 1: ஒரு விண்டோ, அதில் ஒரு லேபிள். லேபிளை 'பேக்' செய்துவிடுங்கள், அதாவது விண்டோவில் இடம் கொடுத்து வையுங்கள்.

படி 2: கேட்டுப் பாருங்கள்.

பிரின்ட்(லேபிள்.வின்ஃபோ_வியூவபிள்())

தெரிந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் இந்த வரியை மெயின்லூப்புக்கு (விண்டோவை இயங்க வைக்கும் கடைசி வரி) முன்னால் எழுதினால் 0 தான் வரும். நான் இதில் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தேன். லேபிள் கண்ணெதிரே இருக்கிறது, நிரலோ இல்லை என்கிறது! காரணம் எளிது: அந்த வரி ஓடும்போது விண்டோ இன்னும் திரைக்கே வரவில்லை. ரூட்.ஆஃப்டர்(500, சோதி) என்று அரை விநாடி தள்ளிப்போடுங்கள். 'ரூட்' என்பது உங்கள் விண்டோ, 'சோதி' என்பது அந்த பிரின்ட் வரியை வைத்திருக்கும் உங்கள் ஃபங்ஷன். இல்லையென்றால் கேட்பதற்கு முன் ரூட்.அப்டேட்() போடுங்கள்.

படி 3: இனி மறைக்கும் பட்டன். இங்கேதான் பலர் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். வியூவபிள் லேபிளை மட்டும் பார்ப்பதில்லை. அது உட்கார்ந்திருக்கும் ஃப்ரேம், அதற்கு மேலே உள்ளது என விண்டோ வரை எல்லாமே தெரிந்தால்தான் 1 தரும். லேபிள் வேறொரு டேபில் இருந்து, அந்த டேப் திறக்கப்படாமல் இருந்தால் விடை 0. லேபிளை யாரும் மறைக்கவே இல்லை, ஆனாலும் 0.

ஆகவே "நான் மறைத்தேனா?" என்று கேட்க வின்ஃபோ_மேனேஜர் சரியானது. 'பேக்' செய்திருந்தால் அந்தப் பெயரையே தரும். பேக்_ஃபர்கெட் செய்து, அதாவது பேக்கை நீக்கி மறைத்திருந்தால், வெற்று ஸ்ட்ரிங். அது வெற்றாக இருந்தால் பேக் செய்யுங்கள், இல்லையென்றால் பேக்_ஃபர்கெட். பட்டனுக்கு அவ்வளவு போதும்.

அப்புறம் ஒன்று: பேக்_ஃபர்கெட் செய்ததைத் திரும்ப பேக் செய்தால் பழைய இடத்துக்கு வராது, வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இடம் மாறக்கூடாது என்றால் பேக்குக்குப் பதில் கிரிட்டுக்கு (கட்டம் கட்டமாக இடம் கொடுக்கும் முறை) மாறி, மறைக்க கிரிட்_ரிமூவ் பயன்படுத்துங்கள். எந்தக் கிடைவரிசை, எந்த நெடுவரிசை என்பது நினைவில் இருக்கும். நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

படி 4: 'டெஸ்ட்ராய்' செய்த, அதாவது அழித்துவிட்ட விட்ஜெட்டிடம் வியூவபிள் கேட்டால் பிழை வரும். சந்தேகம் இருந்தால் அது இன்னும் இருக்கிறதா என்று முதலில் வின்ஃபோ_எக்ஸிஸ்ட்ஸ் கேளுங்கள்.

இன்னொரு நிரலின் விண்டோ உங்கள் விண்டோவை முழுவதும் மூடியிருந்தாலும் வியூவபிள் 1 என்றே சொல்லும். கியூட்டி என்ற இன்னொரு விண்டோ நூலகத்திலும் இதே கதைதான்: 'இஸ்விசிபிள்' மூடப்பட்டதைக் கண்டுகொள்ளாது, மினிமைஸ் செய்த விண்டோவையும் தெரிவதாகவே கணக்கில் வைக்கும். அங்கே "நான் மறைத்தேனா?" என்பதற்கு 'இஸ்ஹிடன்' இருக்கிறது.