ஒரு குச்சியிலிருந்து செம்பருத்திச் செடி

செம்பருத்திக்கு விதை தேடி அலைய வேண்டாம். நம் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. பூத்திருக்கும் வீட்டில் கேட்டு ஒரு குச்சி வாங்கினால் போதும். முதல் முயற்சிக்கு நாட்டுச் சிவப்பு ஒற்றைப் பூவே நல்லது. நர்சரியில் பளபளக்கும் பெரிய பூ ரகங்கள் பல ஒட்டுச்செடிகள். குச்சியில் சுலபமாக வேர் விடாது.

1. பென்சில் கனத்தில், 6 அங்குல நீளத்தில் குச்சி எடுங்கள். இளம்பச்சைத் தண்டு அழுகிவிடும், முற்றிய கிளை வேர்விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வேண்டும். அடியில், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியில் நேராகவும் வெட்டுங்கள். அப்போதுதான் எது அடி என்று மறக்காது. சிரிக்காதீர்கள், நான் தலைகீழாக நட்டிருக்கிறேன்.

2. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

3. செம்மண்ணும் மணலும் சம அளவு. எரு இப்போது வேண்டாம். விரலால் குழி போட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டு அழுத்துங்கள்.

4. நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது.

இனிமேல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் துளிர் வரும். உடனே வெயிலுக்கு மாற்றுவார்கள், குச்சி காய்ந்துவிடும். அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருந்த சத்தில் வந்தது. வேர் வந்ததற்கு அடையாளமில்லை. பிடுங்கிப் பார்க்கவும் கூடாது, இளவேர் அறுந்துபோகும். 6 முதல் 8 வாரம் பொறுங்கள். புது இலைகள் வாடாமல் பெரிதானால், அப்புறம் மட்கிய எரு கலந்த 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கலாம்.

புதுக்கிளையில்தான் பூ வரும். அதனால் செடி வளர்ந்ததும் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, தயங்காதீர்கள்.

தண்டில் எறும்பு ஏறினால் இலையடியைப் பாருங்கள், பஞ்சு போல மாவுப்பூச்சி இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெண்டைத் தொட்டியைத் தள்ளியே வையுங்கள். அதுவும் செம்பருத்தியின் சொந்தம்தான், பூச்சி அங்கேயும் போய்விடும்.